எதிரே வரச் சொன்னவன்

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மருது தெருவில் இறங்கினான். எதிரே வந்துகொண்டிருந்த அடுத்த வீட்டு அம்மாக்கண்ணு அவனைப் பார்த்ததும் விறுக்கென்று தன் வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் புருஷன் செத்துப் போய்ப் பத்து வருஷமாகிறது. அன்றிலிருந்து கோட்டையூரில் அந்தத் தெருவில் யார் பயணம் கிளம்பினாலும் அவள் வீட்டுக் கதவு சாத்தித்தான் இருக்கும்.

"அத்தே, கதவைத் தெறங்க!"

"நீ போயிட்டு வா அப்பு. பொறகு பேசிக்கிருவம்."

"நான் சவரத்துக்குப் போறேன் அத்தே. தஞ்சாவூர்ப் பயணம் நாளைக்குத்தேன்."

கதவு ஒரு சாண் திறந்தது. "சவரத்துக்குப் போனா மட்டும்? கத்தி பட்டுச்சுன்னா யாரைச் சொல்லுவாக? என்னையத்தேன்."

மருதுவுக்கு ரத்தம் கொதித்தது. ஸ்கூல் பைனல் எழுதியவன். போன மாதம் வாசகசாலையில் 'சகுனம் என்னும் பேய்' என்று முக்கால் மணி நேரம் பேசியவன். கைதட்டல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அப்பேர்ப்பட்டவன் வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே பேய் குடியிருப்பதா?

"நாளைக்கு நான் கெளம்புறப்ப நீங்க எனக்கு நேர் எதிர்ல வரணும்."

"ஆத்தாடி! ஒங்க ஆத்தா என்னைய உசுரோட விடுவாகளா?"

"அவுகளை நான் பாத்துக்கிறேன். நீங்க வராட்டி எனக்குப் பயணமே இல்லை."

அம்மாக்கண்ணு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரோசிச்சுச் சொல்லு அப்பு. ஒங்க அய்யா சொன்னது தெருவுக்கே தெரியும்."

அய்யா சொன்னது இதுதான். தஞ்சாவூர்ச் சங்கீதப் பள்ளியில் பாடிக் காட்டட்டும். எடுத்துக்கொண்டால் இருந்து படிக்கட்டும். எடுக்கவில்லையென்றால் மறுநாளே திரும்பி வந்து ஏர் பிடிக்க வேண்டும். பிறகு வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது.

மருது அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. அவன் ஏற்கெனவே வெகுதூரம் போய்விட்டான். முதலில் ரங்கூனில் ஒரு கச்சேரி. அப்புறம் பினாங்கு. திரும்புகிற வழியில் கொழும்பு. கப்பலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காற்று வரும் என்றுகூட விசாரித்து வைத்திருந்தான். எல்லாம் தயார். சங்கீதம் கற்றுக்கொள்வது ஒன்றுதான் பாக்கி.

"அதெல்லாம் சகுனத்துல இல்லை அத்தே. சாரீரத்துல இருக்கு."

"சாரீரம் நல்லாத்தேன் இருக்கு. நாலு வருசமாச் சுவத்துக்கு அங்குட்டு இருந்து கேக்குறேன்ல? சரி, வாரேன். பொறகு ஏன் வந்தேன்னு கேக்கப்படாது."

படிப்பறிவில்லாத ஜீவன், நம்மால் கடைத்தேறட்டும் என்று மருது நினைத்துக்கொண்டான். சவரம் செய்துகொள்ளும்போது அவனுக்குத் தன்மேல் மரியாதை கொஞ்சம் கூடியிருந்தது.

மறுநாள் காலை வழியனுப்ப வந்த அமலதாஸிடம் விஷயத்தைச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே பெஞ்சில் இருந்தவன் அமலதாஸ்.

"நெசமாவா மாப்ளே? உன் பேச்சு கைதட்டலுக்குத்தேன்னு நெனச்சேன்."

"பார்க்கத்தானே போறே!"

மருதுவின் தாயார் மலையம்மாள் சேதி கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, "பாவி மகளே, பாவி மகளே" என்றாள். மகன்தான் கேட்டுக்கொண்டான் என்று தெரிந்ததும் "பாவி மகனே" என்று மாற்றிக்கொண்டாள்.

தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருது தெருவில் கால் வைத்தான். சுருதிப் பெட்டி அமலதாஸ் தோளில்.

எதிரே நடுத்தெருவில் வெள்ளைச் சேலை வந்துகொண்டிருந்தது. ஒரு கை முந்தானைக்குள் இருந்தது.

முதல் எட்டில் மருதுவின் நெஞ்சு நிமிர்ந்தது.

இரண்டாவது எட்டில், தஞ்சாவூரில் பாட்டுக் கேட்கப் போகிறவர்களில் ஒருவராவது முசுடாக இருப்பார் என்று தோன்றியது.

மூன்றாவது எட்டில் கலப்பை கண்ணுக்குத் தெரிந்தது.

நான்காவது எட்டில், சாரீரம் இருக்கிறதா என்று பார்க்க மெதுவாக 'ஸா' என்று இழுத்தான். காற்றுத்தான் வந்தது.

பெட்டியைக் கீழே வைத்தான்.

"என்ன மாப்ளே?"

"தொண்டை வறளுதுடா. பாடப் போறவன் வறண்ட தொண்டையோட போகலாமா? வீட்டுக்குள்ள போயி ரெண்டு நிமிசம் உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்துர்றேன்."

"தண்ணி தொண்டைக்கு. சரி. உக்காருறது எதுக்கு?"

"கால் வலிக்குது."

"வீட்டுப்படியிலேருந்து நாலு எட்டு வச்சதுக்கா?"

"இங்கரு, இதுக்கும் சகுனத்துக்கும் சம்பந்தமே கிடையாது!"

"நான் சகுனம்னு சொன்னேனா?"

மருதுவின் காது சிவந்துவிட்டது. திரும்பி வீட்டைப் பார்த்தான். வாசலில் மலையம்மாள் நின்றுகொண்டு 'வா, வா' என்று கையாட்டிக்கொண்டிருந்தாள். அவன் பெட்டியை எடுக்கக் குனிந்தான்.

அதற்குள் அம்மாக்கண்ணு கிட்ட வந்துவிட்டாள்.

"திரும்பாத அப்பு. வீட்டுக்குள்ள போனா ஒங்க ஆத்தா இன்னைக்கு விடமாட்டாக. பத்தரை வண்டி போயிரும்."

முந்தானைக்குள் இருந்த கை வெளியே வந்தது. அதில் ஒரு செம்பு. ஆவி பறந்தது.

"பனங்கல்கண்டு போட்ட வெந்நி. தொண்டைக்கு நல்லது. நேத்து நீ வீராப்பாப் பேசுனப்பவே, இன்னைக்கு உனக்குத் தாகம் எடுக்கும்னு தெரியும்" என்று செம்பை நீட்டினாள். "உக்காரத்தேன் ஒண்ணும் கொண்டாரலை. பெட்டி மேலயே உக்காந்துக்க."