கர்னல் வீட்டு மானம்

"கர்னல் பரம்பரையில பொறந்த பையன் கவுன் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போறதா? கழட்டச் சொல்லு!" என்று க்ளைவ் கத்தியதில், கையிலிருந்த டீ தட்டில் சிந்தியது.

நான்கு வயது ரூபர்ட் கழற்றுவதாக இல்லை. பள்ளியில் இன்று எல்லாப் பிள்ளைகளும் விக்டோரியா ராணி காலத்து உடையில் வர வேண்டும். பரணிலிருந்த பெட்டியில் கிடைத்த வெள்ளைப் பருத்திக் கவுனில் அவன் கூடத்தையே வலம் வந்துகொண்டிருந்தான்.

"வேலைப்பாட்டைப் பாரேன், க்ளைவ்," என்றாள் அவன் அம்மா ஹெஸ்டர். "மடிப்பு, பூ, பொத்தான் துளை, எல்லாமே கைத்தையல்!"

"எந்த அத்தைக்குத் தைச்சதோ! அதோ, அவரைப் பாரு!"

சுவரில் முறுக்கு மீசையும் பதக்கங்களுமாக க்ளைவின் கொள்ளுத்தாத்தா கர்னல் பெரிகிரின் முறைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் மட்டும் இந்தக் கண்றாவியைப் பார்த்திருந்தா, வாளை உருவியிருப்பார்!"

"பார்க்காம எப்படி இருந்திருப்பார்?"

ஹெஸ்டர் மகனைப் பிடித்து நிறுத்தி, கவுனின் விளிம்பைத் திருப்பிக் காட்டினாள். சலவையில் துணி மாறிவிடக் கூடாதென்று, உடுத்துகிறவர் பெயரைச் சிவப்பு நூலால் தைத்திருந்தார்கள்: பெரிகிரின்.

"கால்சட்டை போடுற வயசு வர்ற வரைக்கும் அப்போ பையன்களுக்கும் கவுன்தான். இது உங்க கர்னலோடது!"

க்ளைவ் பெயரைப் பார்த்தான். மீசையைப் பார்த்தான். பிறகு மெல்ல மகன் முன்னே மண்டியிட்டான்.

"கழுத்துப் பொத்தானைப் போடுடா," என்று அதட்டினான். "பட்டாளத்துக் குடும்பம்! உடுப்பு ஒழுங்கா இருக்க வேண்டாமா?"