டிக் போடாத பெட்டி

டிவியில் மாட்டிப் படம் பார்க்கிற பெட்டிகளில் கடைக்காரர் எதைக் காட்டினாலும் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். பார்த்த படத்துக்கு டிக் போடுமா?

போடும் என்றார் அவர், பெருமையாக. பாதியில் நிறுத்தினால் நிறுத்திய இடமும் அதற்கு ஞாபகம் இருக்கும். மறுநாள் டிவியைப் போட்டதும் அதுவே கேட்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று.

அவள் அதை ஓரமாக நகர்த்தினாள்.

காந்திபுரத்தில் இது மூன்றாவது கடை. முழங்கால் கெஞ்சியது. உட்கார ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் யாருடைய ஹெல்மெட்டோ உட்கார்ந்திருந்தது.

கடைக்காரர் அடுத்ததை எடுத்தார். இதில் வாயால் சொன்னாலே போதும், கேட்ட படத்தைத் தேடிக் கொடுத்துவிடுமாம்.

அவள் வீட்டில் வாயால் சொல்லி எது நடந்திருக்கிறது.

படங்களுக்குக் குறைவில்லை. எல்லாம் அவள் கணவர் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்த காலத்திலிருந்து சேர்த்தவை. கேசட்டில் இருந்ததை சிடிக்கு மாற்றினார், சிடியில் இருந்ததை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினார். மகன் ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டியை வாங்கி மாட்டிவிட்டுப் போனான். அத்தனை படமும் போஸ்டரோடு வரிசையாக வந்து நின்றன. தியேட்டரே வீட்டுக்கு வந்துவிட்டது என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்போது அவருக்கு மறதி வந்திருக்கவில்லை.

எந்தப் படத்தையும் அவர் தனியாகப் பார்த்ததில்லை. அவள் பாத்திரம் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார வேண்டும். அதுவரை ரிமோட்டை அமுக்க மாட்டார். அவள் அழுகிற இடம் வந்தால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தோளில் கிடக்கும் துண்டை நீட்டுவார்.

இப்போது சாப்பிட்டதை மறக்கிறார். மகன் பெயரை மறக்கிறார். படம் பார்ப்பது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

போன மாதம் ஒரு நாள் காலையில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். போஸ்டருக்குப் போஸ்டர் மூலையில் பச்சை டிக். இதையெல்லாம் யார் பார்த்தது என்று கேட்டார்.

நீங்கள்தான் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நான்தான் பார்த்தேன் என்றாள்.

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

“என்னைய உட்டுப்போட்டா பாத்தே?”

அதன் பிறகு டிவி பக்கமே அவர் திரும்பவில்லை. நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டார். என்ன கோபம் என்பது அவருக்கு இரண்டாம் நாளே மறந்துவிட்டது.

கோபம் மறக்கவில்லை.

மகன் போனில் சொல்லச் சொல்ல, டிக்குகளை ஒவ்வொன்றாக அழித்தும் பார்த்தாள். படத்தைப் போட்டுப் பார்த்தால் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு அந்தப் பெட்டியைத் தூக்கித் தெருவில் போடலாம் போல இருந்தது.

இதையெல்லாம் கடையில் சொல்ல முடியுமா. டிக் போடாதது வேண்டும் என்று மட்டும் மறுபடியும் சொன்னாள்.

கடைக்காரர் உள்ளே போய், ஓரம் நசுங்கிய ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார். தூசியை ஊதினார். பழைய சரக்கு, யாரும் கேட்பதில்லை என்றார்.

“இதுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. படத்துப் பேரு மட்டுந்தான் காட்டும். எத்தன தடவ போட்டாலும் மொதல்ல இருந்துதான் ஓடும்.”

அவள் அங்கேயே மாட்டிக் காட்டச் சொன்னாள். ஒரு படத்தை ஓட விட்டு, பாதியில் நிறுத்தி, வெளியே வந்து பார்த்தாள். பெயர்கள் இருந்தபடியே இருந்தன. எதைத் தொட்டோம் என்று தெரியவில்லை.

இது போதும் என்றாள்.

வீட்டில் அவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ஜெசிந்தாதான் பெட்டியை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஜெசிந்தா போனதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவரைக் கைபிடித்து உட்கார வைத்தாள் அவள். ரிமோட்டைக் கையில் கொடுத்தாள்.

திரையில் வெறும் பெயர்கள். அவர் மேலிருந்து கீழே போனார். கீழிருந்து மேலே வந்தார்.

கடைசியில் லாரி டிரைவர் படத்தில் நின்றார்.

அவளுக்கு உள்ளுக்குள் சலிப்புத் தட்டியது. இந்த வருடம் முழுக்க அதிகம் ஓடியது அதுதான். வசனமெல்லாம் மனப்பாடம். ஆனாலும் கடைசியில் மலைப்பாதையில் அந்த லாரி கவிழும்போது ஒவ்வொரு தடவையும் அழுதுவிடுவாள்.

“இத நாம இன்னும் பாக்கலீல்ல?”

இல்லை என்றாள். பாத்திரம் கிடக்கிறது, கழுவிவிட்டு வருகிறேன், நீங்கள் போடுங்கள் என்று உள்ளே போனாள். கழுவும்போதே கண் செருகியது. அப்படியே போய்ப் படுத்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

கூடத்திலிருந்து சத்தமே இல்லை.

வந்து பார்த்தாள். அவர் ரிமோட்டை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். படம் ஓடியது.

டிரைவர் லாரியின் முன்கண்ணாடியைத் துடைத்தான். அவன் மகள் சோற்றுத் தூக்கை நீட்டிவிட்டு, கொடுக்காமல் பின்னால் இழுத்து விளையாட்டுக் காட்டினாள். அவர் புதிதாகச் சிரித்தார்.

சிரித்தபடியே, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் மடியில் வைத்தார். கண் திரையில்தான் இருந்தது.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு துண்டைப் பிரித்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

திரையில் லாரி இன்னும் கிளம்பவில்லை.