காத்துச் சரியில்லை

“காத்து சரியில்லைங்க மிஸ். ஐயாவ இன்னைக்குக் கூட்டிட்டுப் போக முடியாது.”

நிறஞ்சலாவுக்குக் காது சூடேறியது. மன்னார்ப் பேசாலையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்து, கம்பனி ஜீப்பில் மலையுச்சிக்கு ஏறி, வரிசையில் நின்று, அப்பாவின் முறை வந்த பிறகு காத்துச் சரியில்லையாம்!

“அப்ப முதல் போன ரெண்டு பேரும் எந்தக் காத்தில போனவை? காத்தைப் பற்றி மன்னார் ஆக்களுக்குப் படிப்பிக்காதீங்கோ.”

அவன் பெல்ட்டுகளை இழுத்துச் சரிபார்த்தான். தேயிலைத் தோட்டத்துப் பெடியன். சட்டையில் கஜேந்திரன் என்று பெயர் குத்தியிருந்தது. பயணியைத் தன் நெஞ்சோடு சேர்த்துக் கொளுவி, பாரசூட் போன்ற பெரிய குடையை விரித்து, மலைச்சரிவில் ஓடிப் பறப்பது அவன் தொழில்.

“விடு பிள்ளை,” என்றார் சிங்கராசா. “மேல போவம் எண்டு நீ சொல்லேக்கையே எனக்கு அது ஒரேயடியாப் போற கதை மாதிரித்தான் கேட்டது.”

“பகிடி விடாதீங்கோ அப்பா!”

சிங்கராசா இருபத்தெட்டு வருசமாகக் கடலட்டை பொறுக்க மூச்சுக் காற்றுச் சிலிண்டரோடு அடிக்கடலுக்குப் போகிறவர். வாழ்நாளெல்லாம் கீழே போன மனிதரை ஒருநாள் மேலே அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பது, யாழ்ப்பாணத்துக் கம்பஸில் படிக்கும் மகளின் இரண்டு வருட ஆசை.

கால் மணி நேரத்துக்கு முன்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. படிவம் நிரப்புவதற்கு கஜேந்திரன் அப்பாவைக் கூப்பிட்டு இருத்தினான். “தண்ணிப் போத்திலை ஜீப்பில விட்டிட்டன், எடுத்துக்கொண்டு வா பிள்ளை,” என்று அப்பா அவளை அனுப்பினார். போத்திலோடு திரும்பி வந்தால் இந்தக் கதை.

“வயசோ பிரச்சினை?”

“இல்லைங்க.”

“நிறையோ?”

“இல்லைங்க மிஸ். காத்துதான்.”

“பத்துப் பாகம் ஆழத்தில நிண்டு வேலை செய்யிற மனுசன் இவர். உங்கட குடைக்குப் பயப்பிடுவாரோ?”

கஜேந்திரன் சிங்கராசாவின் முகத்தைப் பார்த்தான். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். நிறஞ்சலா அதைக் கவனிக்கவில்லை. கம்பஸ் விவாத அணித் தலைவியான அவள், அடுத்த கேள்வியைத் தயார்படுத்திக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, தலை முழுக்க நரைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சிரித்தபடி வந்து நின்றார். கஜேந்திரன் குனிந்த தலை நிமிராமல் அவரைத் தன்னோடு கொளுவத் தொடங்கினான்.

“ஓ! இவவுக்கு மட்டும் காத்துச் சரி வந்திட்டுதோ?”

“பேசாத பிள்ளை. அந்தத் தம்பியில பிழையில்லை,” என்று சொல்லிவிட்டு அப்பா ஜீப்பை நோக்கி நடந்தார்.

நிறஞ்சலா போனைத் தூக்கினாள். “இவற்ர பேர் கஜேந்திரன். வடிவாப் பாருங்கோ. வெள்ளைத் தோலுக்கு ஒரு காத்து, மீன்பிடிக்கிறவனுக்கு இன்னொரு காத்து!”

கஜேந்திரனும் அந்தப் பெண்மணியும் ஏழெட்டு அடி ஓடினார்கள். குடை நிமிர்ந்தது. அவர்களின் காலுக்குக் கீழே நிலம் இல்லை. வீடியோவில் எல்லாம் தெளிவாக விழுந்தது.

“நீயாவது பறந்திட்டு வந்திருக்கலாம்,” என்றார் அப்பா, ஜீப்பில்.

“உங்களை ஏத்தாத குடை எனக்கும் வேண்டாம்.”

நாலாம் நாள் பின்னேரம், பேசாலைக் கடற்கரைக்கு அவள் ஓடி வந்தபோது சிங்கராசா வள்ளத்திலிருந்து சிலிண்டர்களை இறக்கிக்கொண்டிருந்தார்.

“அப்பா! அவனை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள்!”

“ஆரை?”

“அந்தக் கஜேந்திரனை. என்ர வீடியோவை ஒரு லட்சம் பேர் பாத்திட்டினம். கம்பனி விசாரிச்சதாம். காத்துச் சரியில்லை எண்டதைத் தவிர வேற ஒரு காரணமும் சொல்ல அவனிட்ட இல்லையாம். பேஸ்புக்கில மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாங்கள், பாருங்கோ!”

சிங்கராசா பார்க்கவில்லை. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது அதுக்கோ? நீ மலையைப் படமெடுக்கிறாய் எண்டெல்லோ நினைச்சன்.”

“அநியாயம் நடந்தா மலையைப் படமெடுத்துக்கொண்டு நிக்கிறதோ?”

“அந்தத் தம்பிக்கு ஒரு கோல் எடுத்துத் தா.”

“ஏன், நீங்கள் மன்னிப்புக் கேக்கவோ? இப்பிடிக் குனிஞ்சு குனிஞ்சுதானப்பா எல்லாரும் எங்கட தலையில ஏறி இருக்கிறாங்கள்!”

“எடு பிள்ளை.”

பதிவு செய்த நாளிலிருந்து அவனுடைய நம்பர் போனில் இருந்தது. அவள் லவுட்ஸ்பீக்கரைப் போட்டாள்.

“அதை நிப்பாட்டு. என்னட்டத் தா.”

“மாட்டன். அவன் ஒண்டு சொல்லட்டும், நான் பத்துச் சொல்லுறன்.”

இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

“தம்பி... நான் பேசாலைச் சிங்கராசா...” அப்பா போனுக்காகக் கை நீட்டினார்.

“ஐயாங்களா?” அந்தப் பக்கம் பதறியது. “ஐயா, சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லலைங்க! போன மாசம் தண்ணிக்கடியில ரெண்டு தடவ மயங்கிட்டீங்கன்னு தெரிஞ்சா மக படிப்ப விட்டுட்டு வந்து நின்னுரும்னீங்களே... விசாரணையிலகூட நான் வாயத் தொறக்கலைங்க. நீங்க பயப்படாதீங்க ஐயா.”