மறுவடி

"இன்னாய்யா, பானையில இன்னும் தண்ணி ஊத்தலையா?" என்று கேட்டுக்கொண்டே மூங்கில்தட்டி வீட்டுக்குள் வந்தாள் மங்கம்மா.

முனிரத்தினம் மெதுவாக நிமிர்ந்தான். "வந்துட்டியா மங்கா? இன்னிக்குத் தண்ணி ஊத்தக் கூடாது."

மங்கம்மாவுக்குப் பகீரென்றது.

திருவிழாவுக்கென்று அவளே போட்ட கேழ்வரகு ஊறல் அது. முளைகட்டி, காயவைத்து, உடைத்துப் போட்ட தானியம் பானையில் நுரைத்துப் புளித்திருந்தது. அடியிலுள்ள துளையைத் திறந்ததும் கெட்டியாக இறங்குவது முதல்வடி. மிஞ்சிய தானியத்தை வெந்நீர் ஊற்றி அலசி இறக்குவது மறுவடி. இரண்டையும் கலந்துதான் குடிப்பார்கள். சாவு விழுந்த வீட்டில் மட்டும் தண்ணீர் ஊற்றமாட்டார்கள். முதல்வடியை அப்படியே செத்தவருக்குப் படைப்பார்கள். செத்தவர் தொண்டையில் மறுவடி இறங்காது என்பது வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்தச் சுரங்க ஊருக்கு அவர்கள் கொண்டுவந்த நம்பிக்கை.

நேற்றுச் சாயங்காலம் சுரங்கம் அதிர்ந்து கீழ் லெவலில் பாறை சரிந்தது. தொப்பியில் மெழுகுவத்தியை ஒட்டிக்கொண்டு காலையில் இறங்கிய முனிரத்தினம் அங்கேதான் இருந்தான். செய்தி கேட்டு மங்கம்மா போட்டது போட்டபடி ஓடினாள். சுரங்கத்துக்குள் இறங்கும் ஆழக் குழியான ஷாஃப்ட்டின் வாயில் ஒரே கூட்டம். முண்டியடித்து முன்னால் போனதும், ஆட்களை ஏற்றிவரும் இரும்புக் கூண்டைக் கண்டு "கேஜ் வருது, கேஜ் வருது" என்று யாரோ கத்தியதும் நினைவிருக்கிறது. அப்புறம் எல்லாம் ஒரே குழப்பம்.

வந்து பார்த்தால் இவன் ஈரத்துணியோடு உட்கார்ந்திருக்கிறான். தலையிலிருந்து நீர் சொட்டுகிறது. முகம் வெளுத்து, கண்கள் உள்ளே போயிருந்தன. மூலையில் ஒரே ஒரு அகல்விளக்கு எரிந்தது.

"நெசமாவே மேல வந்துட்டியாய்யா?"

"வந்தேன். கடைசிக் கேஜ்ல."

"அப்போ தண்ணி ஊத்த இன்னா தடை?"

அவன் பார்வை மூலையிலிருந்த அகல்விளக்குக்குப் போனது. மங்கம்மாவுக்கு நாக்கு வறண்டது.

பக்கத்து வீட்டு ஜெயம்மா வாசலில் வந்து நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தவள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "கிளி மாதிரி இருந்த ஜோடியை இப்டிப் பிரிச்சிட்டியே சாமி!" என்று அழுதபடியே போய்விட்டாள்.

ஜெயம்மா இப்படி அழுகிறாள் என்றால், எதிரே உட்கார்ந்திருப்பது யார்? புருஷனா, அவனுடைய ஆவியா? அதைத் தெரிந்துகொள்ளாமல் மங்கம்மாவால் அங்கிருந்து நகர முடியாது. கேட்டால் சொல்லமாட்டான். மறுவடி சொல்லிவிடும்.

"எனக்காக ஒரு வாய் மறுவடி குடிய்யா."

"மொதல்ல இது ஆவட்டும் மங்கா." பக்கத்திலிருந்த சொம்பைக் காட்டினான். அதில் முதல்வடி நிறைந்திருந்தது.

"ஏன், மறுவடி உன் தொண்டையில எறங்காதா?"

அவன் கண் கலங்கியது. "சரி, உன் ஆசையை ஏன் கெடுக்கணும்?" என்று வெந்நீர்ப் பானையைத் தூக்கி அப்படியே கவிழ்க்கப் போனான்.

"ஐயோ, ஒரே அடியா கொட்டாதே! தானியத்துல பள்ளம் விழுந்துடும். தண்ணியெல்லாம் அந்தப் பள்ளத்து வழியாவே ஓடிடும், சாரம் சக்கையிலயே நின்னுடும். சுரங்கத்துல குழி பறிக்கிறது போதாதுன்னு என் பானையிலயும் பறிக்கிறியா?"

அவன் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. "நீ எப்டி ஊத்துவே?"

"கொட்டாங்குச்சியில மொண்டு, சுத்திச் சுத்தி, தூறல் மாதிரி. அவசரப்படாதே."

அவன் அப்படியே செய்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சொன்னதை மறுபேச்சில்லாமல் அவன் கேட்டது இந்த ஒரு தடவைதான். அதுவும் அவளுக்குப் பயமாகவே இருந்தது.

வெந்நீர்ப் பானையில் கை வைத்துப் பார்த்தாள். "ஆறிப்போச்சேய்யா!"

"கொதிக்குது மங்கா" என்றான் அவன், அவள் பக்கம் திரும்பாமல். பானையிலிருந்து ஆவி பறந்துகொண்டுதான் இருந்தது.

அடித் துளையில் மறுவடி சொட்டத் தொடங்கியது. ஒரு கிண்ணம் நிறைந்ததும் அதை எடுத்தான். மங்கம்மா அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள்.

தொண்டை ஏறி இறங்கியது. மறுபடியும் ஏறி இறங்கியது. கிண்ணத்தைக் காலி செய்து மீசையைத் துடைத்துக்கொண்டான்.

"எறங்கிடுச்சு!" மங்கம்மா சிரித்தாள், அழுதாள். "நீ உசுரோட இருக்கேய்யா! யார் இன்னா அழுதா நமக்கென்ன? நீ இருக்கே, எனக்கு அது போதும்!"

"ஆமா மங்கா, நான் இருக்கேன்."

முதல்வடிச் சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தான். மூலையில் எரிந்த அகல்விளக்கின் அருகே அவளுடைய சிவப்புச் சேலை மடித்து வைக்கப்பட்டு, மேலே பூ இருந்தது. சொம்பை அதன் முன்னால் வைத்தான்.

"என்னைப் பாக்க ஓடியாந்து ஷாஃப்ட்டுக் குழியில விழுந்தவளாச்சே, நேத்துலேர்ந்து தாகமா இருப்பே. குடிச்சிட்டுப் போ மங்கா."