மேசைமேல் வைத்த கத்தி

ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் குடியிருந்த தினேஸ்வரிக்கும் அவள் கணவன் கனகராஜுக்கும் சண்டை என்றால், அது பெட்டி பிரிக்கும் கத்தி தொலைவதால்தான். எத்தனை வாங்கினாலும் ஒன்றும் தங்காது. கத்தியைக் கையில் கொடுத்தால் பகை வரும் என்று இருவருமே மேசைமேல் வைப்பார்கள். மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி வைத்தவைதான் தொலைந்தன.

அன்று மாலை அவள் சேலைப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் காலடி கேட்டது. திரும்பாமலே கத்தியை மேசைமேல் வைத்தாள்.

“இந்தாங்க. வேலை முடிஞ்சா இங்கயே வச்சிருங்க.”

சற்று நேரத்தில் கத்தி திரும்பியிருந்தது. மழுங்கிய முனையை யாரோ ஒடித்துப் புது முனையை வெளியே தள்ளியிருந்தார்கள். பிடி அவள் பக்கம் இருந்தது.

அப்புறம்தான் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கனகராஜ் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தான்.

“ஓவர்டைம்லா. கத்தி இருக்கா, அதுவும் போச்சா?”

அவள் மேசையையும் அவனையும் பார்த்தாள்.

“இருக்கு. திருப்பி வைக்கச் சொல்லி இதுவரைக்கும் நாமதான் கேக்கல.”

மறுநாள் காலையில், அதுவரை தொலைந்த கத்திகள் எல்லாம் மேசைமேல் வரிசையாக இருந்தன. கனகராஜுக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் அவர்கள் வாங்காத ஒன்றும் இருந்தது. ரப்பர் மரம் சீவும் கத்தி. அதன் பிடியும் அவர்கள் பக்கமே இருந்தது. முனையில் ரப்பர் பால் இன்னும் காயவில்லை.