பதினைந்து குண்டு

"இதென்ன சிஸ்டர், சிகரெட் பத்த வைக்கிற லைட்டரா?"

டெல்பர்ட் கேட்டதும் சர்ச் விருந்து மேஜையைச் சுற்றியிருந்த ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

மேவிஸின் கைத்துப்பாக்கி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆறு குண்டு பிடிக்கும். சர்ச் காவல் குழுவில் சேருவதற்காகவே அதை வாங்கியிருந்தாள். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு சின்ன ஊர் அது. ஆராதனை முடியும்வரை சட்டைக்குள் துப்பாக்கியோடு சர்ச்சுக்குக் காவல் இருப்பதுதான் அந்தக் குழுவின் வேலை. தலைவர் டெல்பர்ட், ரிடையரான போலீஸ்காரர். எதிலும் கறார்.

"பதினஞ்சு குண்டு பிடிக்கணும். அதுக்குக் குறைஞ்சா என் குழுவுல இடமில்லை."

"அது செங்கல் கனம் கனக்குமே பிரதர்! கவுனுக்குள்ள எங்க வைக்கிறது? இதுன்னா எங்க போனாலும் கூடவே இருக்கும்."

"ஆறு குண்டு கண் மூடித் திறக்கிறதுக்குள்ள தீர்ந்துடும். அப்புறம் என்ன, பாட்டுப் புஸ்தகத்தைத் தூக்கி எறிவியா?"

மறுபடியும் சிரிப்பு. தீவன லாரி ஓட்டும் கர்ட்டிஸ், வாய் நிறைய வெண்டைக்காய் வறுவலோடு சொன்னான்: "பொம்பளைங்களுக்குப் பொம்மைதானே பிடிக்கும்!"

மேவிஸுக்குச் சுருக்கென்றது. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் பின்னறையில் வாண்டுகளுக்குப் பைபிள் கதை சொல்பவள் அவள். ஆண்கள் எல்லாரும் முன்வாசலில் நிற்பார்கள். பின்கதவுப் பக்கம் ஒரு ஈ காக்கா இருக்காது. போன மாதம் எவனோ குடித்துவிட்டு வந்து அந்தக் கதவை உலுக்கிவிட்டுப் போனான். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

"அப்ப பிள்ளைங்களுக்கு யாரு காவல்?"

"கதவுக்கு நல்ல பூட்டா நான் போடுறேன். உனக்குக் குழுவுல சேரணும்னா பதினஞ்சோட வா."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மேவிஸ் அவரைத் திட்டிக்கொண்டே போனாள். பெண் என்றால் உள்ளே விட மனசில்லை, அதற்கு ஒரு சட்டம்! வாயில் வந்ததை எல்லாம் சொன்னாள். பைபிள் கதை சொல்கிற வாய் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் விடுகிற ஆள் இல்லை அவள். அடுத்த வாரமே சின்னதைக் கடையில் கொடுத்துவிட்டுப் பெரியதை வாங்கிவந்து அவர் முன்னால் நின்றாள்.

டெல்பர்ட்டின் முகம் ஏனோ விழுந்துபோனது. "சரி, சேர்ந்துக்கோ" என்றார் வேண்டாவெறுப்பாக.

நன்றாக மூக்குடைபட்டார் என்று மேவிஸுக்கு ஒரே சந்தோஷம்.

சந்தோஷமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரைதான். குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தால் விலாவில் குத்தியது. எழுந்தால் இடுப்பை இழுத்தது. துணிக்குமேல் துருத்திக்கொண்டு தெரிகிறதே என்று, அந்த ஜூலை வெயிலில் கோட்டு வேறு போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்தாள். போதாக்குறைக்கு டெல்பர்ட் முன்வாசலை விட்டுவிட்டு, பின்னறை வாசலில் வந்து நின்றுகொண்டு அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிரதர், வேவு பார்க்கறீங்களா?"

"சும்மா காத்தாட நின்னேன்" என்றார் மனுஷன். அந்த அறையில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

இப்படியே சில வாரங்கள் ஓடின. ஒரு ஞாயிறு, முதுகு வலி தாங்காமல் துப்பாக்கியை வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். இன்றைக்கு ஒருநாள் மட்டும்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த ஞாயிறும் அதே சமாதானம். அப்புறம் சமாதானம்கூடத் தேவைப்படவில்லை.

மனசுதான் உறுத்தியது. காவல் என்று பெயர் வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு நிற்பதற்கு என்ன பெயர்? ஆராதனை முடிந்ததும், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் டெல்பர்ட்டைத் தனியாகப் பிடித்தாள்.

"பிரதர், என்னைக் குழுவுலேர்ந்து எடுத்துடுங்க."

"ஏம்மா?"

"அந்தத் துப்பாக்கியை என்னால சுமக்க முடியலை. கொஞ்ச நாளா வீட்லதான் வெச்சுட்டு வர்றேன். உங்களை ஏமாத்திட்டேன்."

கத்தப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டாள். டெல்பர்ட் வண்டியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா! உன்னால எனக்கு எத்தனை நாள் தூக்கம் போச்சு தெரியுமா?"

கோட்டை விலக்கிக் காட்டினார். இடுப்பில் உறை மட்டும் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

மேவிஸ் குனிந்து அந்த வெற்று உறையைப் பார்த்தாள். "அப்ப... கர்ட்டிஸ்?"

"அவன் உனக்கு முன்னாடியே வந்து சொல்லிட்டான். ஒவ்வொருத்தனும் இப்படித்தான் தனியா வந்து காதைக் கடிச்சான். மத்தவங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும் பிரதர்னு கெஞ்சல் வேற. அதனால என்ன? வாசல்ல ஆள் நிக்கிறாங்க, கதவு பூட்டியிருக்கு, கண்ணு முழிச்சிருக்கு. அது போதும்."

"அப்புறம் எதுக்கு அந்தச் சட்டம்?"

வண்டிகளுக்கு நடுவே குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். டெல்பர்ட் அவர்களையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"வேலையில இருந்தப்ப ஒரு வீட்டுக்குப் போனேன். அஞ்சு வயசுப் பொண்ணு. அம்மா கைப்பைக்குள்ள மிட்டாய் தேடியிருக்கு. உள்ள நீ முதல்ல வாங்கினியே, அதே மாதிரி ஒண்ணு..." கோட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

மேவிஸின் கண் கலங்கியது. "இதை அன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கலாமே, பிரதர்?"

"இந்த ஊர்லயா? துப்பாக்கி கொண்டு வராதேன்னு சொன்னா, மறு ஞாயிறே என்னை வெளிய தள்ளிடுவாங்க. பெருசா கொண்டு வான்னு சொன்னேன். எல்லாம் தானா வீட்ல தங்கிடுச்சு."