பன்னிரண்டாம் அறையின் பலகை

பன்னிரண்டாம் அறை வாசலில் நின்றவர்கள் நான்கு பேர்: அருங்காட்சியக அதிகாரி, திருப்புளியோடு ஒரு தச்சர், கைத்தடியோடு ஒரு பெரியவர், இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும் வழிகாட்டி. அந்தப் பழைய சிறைச்சாலை அருங்காட்சியகமாகி மூன்று வருடம் ஆகிறது. மாட்டிய பலகை ஒன்றைக் கழற்ற அதிகாரி வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

கதவோரம் இருந்த பலகை நீட்டி முழக்கவில்லை. 'சன்னல் இல்லாத இந்த அறையில் ஒரு கைதி பதினோரு மாதம் விளக்கில்லாமல் அடைக்கப்பட்டிருந்தார். பொறுப்பிலிருந்த காவலரின் உத்தரவு.'

"அப்பட்டமான பொய்ம்மா," என்றார் பெரியவர். "அந்தக் கைதியே நான்தான். ராத்திரி பகலா விளக்கு எரிஞ்சுது. பாவம், அந்தக் காவலர் மேல எதுக்கு வீண்பழி?"

அதிகாரி நெகிழ்ந்துபோனாள். அடைபட்டுக் கிடந்தவரே அடைத்தவனுக்காகப் பரிந்து பேசுகிறார். வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆளாகவும் தெரியவில்லை. அறைக்குள் கால் வைக்காமல், தாழ்வாரத்தில் நின்றபடியே ஒப்பித்தார்: படுக்கை இடது மூலையில், தண்ணிப் பானை வலது மூலையில், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளும் பொந்து தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்.

மல்லுக்கு நின்றவர் வழிகாட்டிதான். அறுபதைத் தாண்டிய அவரை அலுவலகம் முழுக்க 'சித்தப்பா' என்றே கூப்பிடும். சொல்லிச் சொல்லி அந்தப் பலகையை மாட்ட வைத்ததே அவர்தான். ஆதாரம் கேட்டால் தண்டனைப் பதிவேட்டில் ஒரு கைதி எண்ணைக் காட்டுவார். அதில் பெயரும் கிடையாது, விளக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது.

பார்வையாளர்களுக்கு அவர் தினமும் சொல்லும் யோசனையும் ஒன்றுதான். "நாப்பது அறையையும் பார்க்காதீங்க, கால்தான் வலிக்கும். ஒரே ஒரு அறையில போய்த் தரையில உட்காருங்க. சுவரை முழங்கால் உயரத்துல பாருங்க. இங்க யாரும் நின்னுக்கிட்டு கிறுக்கல." சொல்லிவிட்டு, திறந்தே கிடக்கும் கதவானாலும், யாராவது 'வாங்க' என்று சொல்லும்வரை வாசலிலேயே ஒதுங்கி நிற்பார். மரியாதை தெரிந்த மனுஷன் என்று அதிகாரி நினைத்துக்கொள்வாள்.

"மேடம், நாலு திருகாணிதான்," என்றார் தச்சர். "கழட்டவா, இல்ல தூசி தட்டிட்டுப் போகவா?"

"கை வச்சே, தெரியும்," என்றார் சித்தப்பா.

"சித்தப்பா, உள்ள இருந்தவரே சொல்றார். கையெழுத்தும் போடறேங்கறார். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"இந்தப் பலகை இறங்கின நிமிஷம், சாவியை உங்க மேசையில வச்சிட்டுப் போயிடுவேன்."

"மிரட்டறீங்களா?"

"தகவல் சொல்றேன் மேடம். எனக்குச் சம்பளமே அதுக்குத்தானே."

தச்சர் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார். பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"சாவிக்கொத்து தூக்கறவனுக்கு இவ்வளவு திமிரா? உள்ள கிடந்தவன் பட்ட பாடு உனக்கு என்னய்யா தெரியும்?"

பலகை தவறு என்று எழுதிய படிவத்தை அதிகாரி பெரியவரிடம் நீட்டினாள். பெரியவரின் பேனா காகிதத்தைத் தொடப்போகும் நேரத்தில்தான் சித்தப்பா கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுக் கையெழுத்து போடுங்க. இந்தக் கதவோட உள்பக்கம் என்ன கீறியிருக்கு?"

பேனா நின்றது. "வயசாச்சு. அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"அதனாலென்ன, உள்ள போய்ப் பார்த்துட்டு வாங்க. டிக்கெட் வாங்கற எல்லாரும் பார்க்கறதுதான்."

பெரியவர் அதிகாரியைப் பார்த்தார். அவளும் 'போய்ப் பாருங்க' என்று தலையசைத்தாள்; இந்த இழுபறி ஒரு வழியாக முடிந்தால் போதும் அவளுக்கு. வேறு வழியில்லாமல் பெரியவர் கைத்தடியைத் தட்டித் தட்டி உள்ளே போனார்.

சித்தப்பா தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளினார். சாவி இரண்டு முறை சுழன்றது. பார்வையாளருக்காக மாட்டிய பல்புக்குச் சுவிட்ச் வெளியே இருந்தது, அதையும் அணைத்தார்.

"சித்தப்பா! பைத்தியமா உங்களுக்கு? திறங்க!"

உள்ளேயிருந்து கைத்தடி கதவை இடித்தது. "டேய்! ஒண்ணும் தெரியலடா! விளக்கைப் போடு!"

"ராத்திரி பகலா எரிஞ்சுதே, அந்த விளக்கு எங்க போச்சு?" பொந்துப் பக்கம் குனிந்து நிதானமாகக் கேட்டார் சித்தப்பா.

"அது உள்ள எங்கடா இருந்துது?" இருட்டுப் பயத்தில் பெரியவரின் குரல் கீச்சிட்டது. "வெளியில, என் மேசை மேலதான் இருந்துது! கதவைத் திற!"

'திறங்க' என்று மறுபடி சொல்ல வாயெடுத்த அதிகாரி, கையெழுத்தாகாத படிவத்தை இரண்டாக மடித்தாள்.

பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சித்தப்பா தச்சரைப் பார்த்தார்.

"பலகையில 'ஒரு கைதி'ன்னு இருக்குல்ல தம்பி, அதை அழிச்சிட்டு என் பேரைப் போடு."